மேல் கோடும் கீழ்க் கோடும்

கம்ப்யூட்டரைக் கொண்டு நான் வரைந்த முதல் படம் எங்கள் வீட்டுத் தறி அறை. அதை வரையாமலே இருந்திருக்கலாம் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். நான் வரைந்ததால் சுவர் சாயவில்லை. அது எனக்கும் தெரியும், ஆனால் மனசுக்கு நியாயம் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை.

எழுபதுகளின் கடைசி. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசம். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் சின்ன காஞ்சிபுரத்தில் இருப்பேன். அதுவரை படம் என்றால் எங்களுக்கு டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மையும்தான். முக்கால் படம் முடிந்த நேரத்தில் சொட்டு மை விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இருக்கிற முன்கோபத்துக்கு நான் கிழித்த காகிதங்களை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம்.

அந்த வருஷம் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்குப் படம் போடும் கருவி ஒன்று வந்து இறங்கியது. உருளையில் சுற்றிய காகிதம் முன்னும் பின்னும் ஓடும். அதன்மேல் ஒரு பேனா இடமும் வலமும் ஓடும். இரண்டு ஓட்டமும் சேர்ந்தால் கோடு. விருப்பம் உள்ள கடைசி வருஷ மாணவர்கள் சேரலாம் என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருந்த விரிவுரையாளர் ஒருவர் அதை எடுத்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் குளிர் அறைக்குள் போகும்போது கோயிலுக்குள் நுழைகிற பயம் வரும்.

பேனாவை நாம் தொடவே கூடாது. அட்டையில் துளை போட்டுத்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பேனாவைத் தூக்கு, இந்தப் புள்ளிக்குப் போ, பேனாவை இறக்கு, அந்தப் புள்ளிவரை இழு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த மூலையிலிருந்து அளக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு, மேல்பக்கம் எவ்வளவு என்பது மட்டும்தான் மிஷினுக்குப் புரியும். கதவு, சுவர், மனிதன் எதுவும் அதற்குத் தெரியாது.

அட்டையில் ஓட்டை போடுவது எங்கள் தெருவுக்குப் புதிதா? புடவையின் கரையில் மயிலும் யானையும் வருவதற்குத் தறியின் தலைக்குமேல் ஒரு ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றால் தைக்கப்பட்டு அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும். தைக்காத அட்டை கலைந்துபோகும், கலைந்தால் யானைக்கு மயில் தலை வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் என் கம்ப்யூட்டர் அட்டைகளின் ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, வரிசை தவறாமல் நூலில் கோத்து, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். விரிவுரையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, யாருக்கு மாலை?"

அறையே சிரித்தது. ஊசித் துளையையும் மிஷின் ஓர் எழுத்தாகப் படித்துவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எல்லா அட்டைகளையும் திரும்பவும் அடித்தேன். காது மடல் சூடு ஆற அன்று முழுக்க ஆயிற்று.

பிறகு முதல் பயிற்சி கொடுத்தார். அவரவருக்குத் தெரிந்த ஓர் அறையைத் தரையில் ஒரு முறை, கூரைக்குக் கீழே ஒரு முறை அளந்து வரவேண்டும். தரை அளவைக் கறுப்புப் பேனாவில் போட்டு, அதே பூஜ்யத்திலிருந்து மேல் அளவைச் சிவப்புப் பேனாவில் போடவேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் எங்கள் தறி அறையை அளந்தேன். டேப்பின் மறுமுனையைத் தங்கை பிடித்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், வாயில் பத்து வயது பெரியவள். எங்கள் புடவையின் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் பிரியாமல் கோத்து நெய்ய ஒருவரால் முடியாது. குழியில் கால் வைத்து நடுவில் அப்பா உட்கார்ந்து மிதி மிதித்து உடலை நெய்வார். வலது கோடியில் தங்கை உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையை அவருக்குத் தள்ளுவாள். அவள் தோளுக்கும் வலப்பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு முறம் நுழையலாம், அவ்வளவுதான் இடம். படத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள் போட்டு, அப்பா உட்காரும் இடம், அவள் உட்காரும் இடம் என்று குறித்துக்கொண்டேன்.

"என்னையும் மிசினு வரையுமா? மூக்கை நேரா வரையச் சொல்லுண்ணா" என்றாள்.

படம் வந்தது. பேனா காகிதத்தில் இறங்கி, யாரும் தொடாமல் எங்கள் அறையைச் சுற்றி நடந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் பேனாவை மாற்றினார்கள். சிவப்புக் கோடு கறுப்பின் மேலேயே ஏறிப் போயிற்று. வாசல் பக்கம் சரி, இடது சுவர் சரி, பின்பக்கம் சரி. வலப்பக்கத்துக்கு வந்ததும் மட்டும் அது கறுப்பை விட்டு விலகி, அறைக்கு உள்பக்கமாகத் தனியே நடந்தது.

"அளவு தப்பு. இல்லாட்டி அட்டை தப்பு" என்றார் விரிவுரையாளர்.

"ரெண்டு தடவை அளந்தேன் சார்."

"அப்ப சுவர் சாஞ்சிருக்குதா? சுவர் எல்லாம் சாயாதுய்யா, உன் அட்டைதான் சாஞ்சிருக்கு. கீழ் அளவையே மேலுக்கும் போடு. ஒரு அட்டையை மாத்தினா முடிஞ்சுது."

மாற்றச் சொன்னார், மாற்றினேன். அந்தச் சதுரங்கள் எதற்கு, படத்தைக் கெடுக்கிறது என்று அவற்றையும் எடுக்கச் சொன்னார். இரண்டாவது படம் அச்சுப் பிசகாமல் வந்தது. அதை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்கள். சாய்ந்த சுவரை நிமிர்த்த ஓர் அட்டை போதும் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். தப்பான முதல் படத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனேன், எங்கே தவறவிட்டேன் என்று பார்ப்பதற்காக.

ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்கும் நூல்களின் நுனியில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் தொங்கும். உபரியாகக் கிடந்த குண்டு ஒன்றை எடுத்து ஒரு நூலில் கட்டி, வலப்பக்கச் சுவரின் உச்சியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். மேலே சுவரை ஒட்டியிருந்த நூல் கீழே வர வர அதைவிட்டு விலகியது. தரையில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. தவறு டேப்பிலும் இல்லை, அட்டையிலும் இல்லை.

குனிந்து சுவரின் காலைத் தொட்டேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே இருந்த மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் சாயப் பட்டறை. தெலுங்கு பேசுகிறவர், அப்பாவுக்கு உயிர் நண்பர். சாயம் காய்ச்சிய வெந்நீர் முழுக்க அந்தச் சுவரோரமாகத்தான் ஓடும்.

அப்பாவிடம் படத்தை விரித்துக் காட்டினேன். அவர் நாடாவை நிறுத்தாமலே ஓரக் கண்ணால் பார்த்தார்.

"இன்னாடா இது, ஒரு செவுத்துக்கு ரெண்டு கோடு?"

"கறுப்பு கீழே இருக்கற சுவர். சிவப்பு மேலே இருக்கறது. மேலே உள்பக்கமா சாயுதுப்பா."

"பழைய ஊடுடா. என் தாத்தா காலத்துலருந்து நிக்குது. உம் மிசினு நேத்து வந்திச்சு, அதுக்கு இன்னா தெரியும்? அது வந்து ஒரு முழம் நெய்யுமா, கேளு."

தங்கை சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் படத்தைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் கைகள் முழங்கைவரை அரக்குச் சிவப்பாக இருந்தன. நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இல்லே பாபு, இத்தினி வருசமா ஊத்திக்கினுதானே இருக்கறோம்? சரி, நீ படிச்ச புள்ளே, சொல்றே. தண்ணிய அப்பால திருப்பிடறேன்."

திருப்பினார். அடுத்த வாரம் நான் வந்தபோது வெந்நீர் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, அந்தப் பக்கம் மேடு, தண்ணீர் ஏற மாட்டேன் என்கிறது என்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக் கருட சேவை காட்டியவர்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் நெய்தார்கள். தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஈரத்தில் மந்தமாக ஓடியது. சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த இரும்புக் குண்டைத்தான். நூலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்த இடத்தில் இப்போது மூன்று விரல் நுழைந்தது. தங்கையைக் கூப்பிட்டு மறுபடி அளந்தேன். இந்த முறை அவள் மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டேப்பை இறுக்கிப் பிடித்தாள்.

புது அளவை வைத்து இன்னொரு படம் போட்டேன். விரிவுரையாளருக்குக் காட்டவில்லை. சிவப்புக் கோடு முன்பைவிட உள்ளே வந்திருந்தது. என் தங்கைக்காக நான் மறுபடி போட்டிருந்த சதுரத்தை அது தொட்டுக்கொண்டு போயிற்று. அது வெறும் அளவுக் கணக்கு, சின்ன காகிதத்தில் கோடுகள் நெருங்கித்தான் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை அப்பா நாடாவை வைத்துவிட்டுப் படத்தைக் கையில் வாங்கினார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுல பொண்ணு குந்துற எடம் எது?"

சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"தறியை எறக்கிடலாம்பா. எறக்கினாத்தான் உள்ளே முட்டுக்கழி கொடுக்க எடம் கெடைக்கும். பாவு இழையை அறுத்துடுங்க."

அறுத்துடுங்க என்று நான் சொன்னதுமே அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தறியில் ஏறியிருந்தது கல்யாணப் பாவு. முகூர்த்தப் புடவைக்கு என்று பூஜை போட்டு ஏற்றிய இழைகளைப் பாதியில் அறுப்பது எங்கள் தெருவில் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். அறுத்த பாவின் புடவையைக் கட்டவிருந்த பெண் வாழ மாட்டாள் என்பார்கள். யாரோ ஊர் பேர் தெரியாத பெண்.

"கண்ணாலப் பாவுடா" என்றார் அப்பா.

"எவளோ ஒருத்தி நல்லா இருக்கணும்னு உங்க பொண்ணைச் சுவத்துக்கடியில உக்கார வெப்பீங்களா? நீங்க எப்படியோ போங்க. அவளை எதுக்குக் கொல்றீங்க?"

வார்த்தை வாயைவிட்டுப் போய்விட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாடாவை எடுத்து, அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். செவிடன் காதில் சங்கு ஊதியாயிற்று என்று சொல்லிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை தெருமுனையில் இறங்கி நடக்கும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. எங்கள் வீட்டுத் தறியின் சத்தம் எனக்கு எத்தனை தறிகளுக்கு நடுவிலும் தெரியும். அன்று அது தட்டுத் தடுமாறி, நின்று நின்று கேட்டது. செருப்போடு உள்ளே ஓடினேன்.

நடு இருக்கையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மிதியில் கால் எட்டாமல் நுனியில் குந்தியிருந்தாள். வலது கோடியில், அந்தச் சுவரை ஒட்டி அப்பா ஒடுங்கி உட்கார்ந்து அவளுக்கு நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய உடம்பு அந்த இடுக்கில் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை.

"என்னப்பா இது?"

"முட்டி வலிடா. மய வந்தா மெதிக்க முடியல. அவ மெதிக்கட்டும், அவளும் கத்துக்கணும் இல்ல?"

"அப்ப சுவர்?"

"இந்தப் பாவு முடியட்டும். மேஸ்திரிகிட்ட சொல்லிக்கிறேன், வந்து முட்டு குடுப்பாரு. தறியை நானே எறக்கறேன். போதுமா? போயி படி."

இவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனசு லேசாகிவிட்டது. தங்கை அந்த இடத்தில் இல்லை என்ற நிம்மதி வேறு. அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்பதை என் புத்தி பார்த்தது, ஆனால் நிறுத்தி யோசிக்கவில்லை. இரும்புக் குண்டைத் தேடினேன். ஆணியில் நூல் இல்லை. தோளில் தட்டிக்கொண்டே இருந்தது, எடுத்துவிட்டேன் என்றார் அப்பா.

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு நாட்டு மருந்துக் கடையில் மூட்டு வலித் தைலம் வாங்கினேன். நல்ல தைலமா என்று கடைக்காரரை இரண்டு தடவை கேட்டேன். அப்பாவிடம் அப்படிப் பேசியது உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, தைலத்தை நானே அவர் காலில் தேய்த்துவிட்டால் புரிந்துகொள்வார் என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் அறையில் ஒரு பாலத்துக்கான அட்டைகளை அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பேய்மழை பெய்தும் அந்த அறைக்குள் சத்தமே கேட்காது. கல்லூரி ஆபீஸ் பியூன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அந்த அறைக்குள் யாரும் அப்படி வந்ததில்லை.

"தம்பி, ஊர்லேர்ந்து போன். உடனே கிளம்பச் சொன்னாங்க."

யாருக்கு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடும்போது தாழ்வாரத்தில் அந்த அறிவிப்புப் பலகையைக் கடந்தேன். எங்கள் தறி அறை அங்கே நான்கு சுவரும் நேராக, கறுப்பின் மேல் சிவப்பு பிசகாமல் நின்றுகொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே எங்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. வலப்பக்கச் சுவர் இல்லை. தறி அறையிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சாயக் கொப்பரைகள் தெரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் மண்மேட்டின்மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வெறும் கையால் தோண்டியிருக்கிறார். நகங்கள் பெயர்ந்திருந்தன. அவர் கையில் இருந்தது சாயமா ரத்தமா என்று எனக்குப் புரியவில்லை.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. தங்கை அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் மண், உடம்பில் காயம் எதுவும் இல்லை. சுவர் வலது கோடியோடு நின்றுவிட்டது. நடு இருக்கைவரை அது வரவில்லை. தறியும் அதிலிருந்த பாவும்கூட நடுவரை அறுபடாமல் இருந்தன.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, என் பையைக் காலி செய்தேன். துணிகளுக்கு அடியில் தைலப் புட்டி இருந்தது. தங்கை அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்குண்ணா?"

"அப்பாவுக்கு. முட்டி வலின்னாரே."

அவள் புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. நீ படம் காட்டிட்டுப் போனியே, அன்னிக்கு சாயங்காலமே என்னை எழுப்பி நடுவுல குந்த வெச்சாரு. 'அவன் மிசினு பொய் சொல்லாதும்மா, கோடு உள்ள வந்துக்கினே இருக்குது. பாவு முடியற வரிக்கும் நான் அங்க குந்திக்கிறேன்'னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. தெரிஞ்சா நீ படிப்பை வுட்டுட்டு இங்கியே குந்திப்பியாம்."

அவள் மூடியைத் திறந்தாள். கற்பூர வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நான் தைலம் தேய்க்க நினைத்திருந்த கால்களில், நான் நம்பியிருந்த வலி எதுவும் இருந்ததே இல்லை.